கொட்டு நம்மது, டிராக் எவனது?

1931ஆம் வருசம் ஜூன் மாசம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கசாதி நாட்டார்கள் கூடி நமக்குப் பதினோரு தடை போட்டார்கள். முந்தின வருசம் போட்ட எட்டுத் தடையை நம்ம ஆளுக சரியா மதிக்கலைங்கிற கோபம். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர், இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. தங்கம் கூடாது. பொம்பளைக செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணி எடுக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்கணும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. இப்படிப் போய்ப் பத்தாவது தடை வருகிறது: கல்யாணத்திலும் மற்ற விசேசங்களிலும் மேளம் முதலான இசை வைக்கக் கூடாது.

இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம் என்று பேர் மாறியிருக்கும் இந்தப் பூமி அன்றைக்கு அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. கொட்டடிக்கிறதுக்கே பொறந்தவன்னு நம்மளச் சொன்ன அதே வாய்தான் மேளம் வைக்காதேன்னும் சொன்னது. அவன் வீட்டுக் கேதத்துக்கு ராத்திரி பூரா நாம கொட்டணும். கேதம் சொல்ல ஊர் ஊரா நாம நடக்கணும். நம்ம வீட்டுப் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது மட்டும் சத்தம் வரக்கூடாது. தோல் தீட்டு, சத்தம் தீட்டுன்னா அது அவன் வாசல்ல எதுக்கு? சத்தம் எப்ப வரணும், எப்ப நிக்கணும், யாருக்காக வரணும்ங்கிறதை அவன் வாய் சொல்லணும். தடையும் கட்டளையும் ஒரே ஆள் கையில் இருந்தது, அவ்வளவுதான் விசயம்.

கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்வதைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் ஏன் 1931க்குப் போகிறான் என்று கேட்பீர்கள். நான் இருக்கிற இடத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பத்தாவது தடையும் இன்றைக்குச் செக்காலையிலும் கழனிவாசலிலும் கோட்டையூரிலும் மாடியறைகளில் ஓடிக்கொண்டிருக்கிற ரிக்கார்டிங்கும் ஒரே கயித்துல கட்டின ரெண்டு மாடாத்தான் தெரியுது.

சத்தத்தை ஆளிடமிருந்து பிரிக்கிற தொழில் காரைக்குடிக்குப் புதுசு கிடையாது. ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் இந்த ஊர்க்காரர். இங்கே கடையில் கிராமபோன் தட்டு விற்று, பிறகு மதராஸில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்துத் தட்டு வெளியிட்டு, அங்கிருந்து படத்துக்குப் போனவர். 1945இல் வந்த அவருடைய ‘ஸ்ரீவள்ளி’யில் திரையில் பாடுவது ருக்மிணி, கேட்கிற குரல் பெரியநாயகியுடையது. ஒருத்தி உடம்பு, இன்னொருத்தி தொண்டை. இங்கே தேவகோட்டை ரஸ்தாவிலேயே ஸ்டூடியோ போட்டு, ‘நாம் இருவர்’ படத்தை எடுத்து 1947இல் வெளியிட்டார். 1948இல் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு கோடம்பாக்கம் போய்விட்டார். பாரதி பாட்டின் ஒலிப்பதிவு உரிமைகூட அவர் கையில் இருந்ததுதான். பெரிய பெரிய ஆட்கள் கேட்டுக் கிளர்ச்சி நடந்த பிறகு அரசாங்கத்திடம் விட்டார். பாரதிக்குக் கேட்க ஆள் இருந்தது. கேதவீட்டில் கொட்டினவனுக்கு எவன் கேட்பான்?

அந்தக் காலத்தில் ஸ்டூடியோ என்றால் கட்டடம், லட்சக்கணக்கில் மிஷின், வெள்ளைச் சட்டைக்காரர்கள். வாட்ச்மேனைத் தாண்டி நம்ம ஆள் உள்ளே போகிறதே பெரிய காரியம். இப்ப அந்த முழு ஸ்டூடியோவையும் ஒரு சாஃப்ட்வேருக்குள் மடித்து வைத்துவிட்டான். டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர், பசங்க வாயில் ‘டாவ்’. 1989இல் ஜெர்மன்காரன் கியூபேஸ் கொண்டுவந்தான், 1991இல் அமெரிக்காக்காரன் புரோ டூல்ஸ் கொண்டுவந்தான், 1997இல் பெல்ஜியத்திலிருந்து ஃப்ரூட்டி லூப்ஸ் வந்தது. அதுதான் இன்றைக்கு எஃப்எல் ஸ்டூடியோ. நம்ம மாவட்டத்துப் பசங்க பாதிப்பேர் கம்ப்யூட்டர்ல கிராக் பண்ணி ஓடுறது இதுதான். ஆடாசிட்டி 2000த்திலிருந்து சும்மாவே கிடைக்குது. ரீப்பர்னு ஒண்ணு இருக்கு, தனி ஆளுக்கு அறுபது டாலர். அறுபது நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். மைக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற ஒரு பெட்டி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். ஒரு செகண்ட்ஹேண்ட் பைக் வாங்குற காசுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

உடனே நம்ம படிச்ச தோழர்கள் சிலர் குதிக்கிறாங்க. ‘கம்ப்யூட்டர் சாதி பாக்காது தோழர், தொழில்நுட்பம் எல்லாத்தையும் சமமாக்கிரும்.’ கம்ப்யூட்டர் பாக்காதுதான். அதுக்கு முன்னால உக்காந்திருக்கிறவன் பாப்பான். (சிலேடை இல்லை, வினைச்சொல்தான்.)

நடந்த ஒண்ணைச் சொல்றேன். எந்த ஸ்டூடியோ, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். ஒரு அம்மன் பாட்டுக்குக் கொட்டு வேணும்னு எங்க சித்தப்பா செட்டைக் கூப்பிட்டாங்க. நாலு பேர் போனாங்க. முன்படி வழியா ஏற வேண்டாம், பின்பக்க இரும்புப் படியில வாங்கன்னான். தோல் காய்ச்சத் தீ மூட்டினா புகை வருது, தெருக்கோடிக்குப் போன்னான். தெருக்கோடியில் காய்ச்சிக்கிட்டு மாடிக்கு ஓடி வர்றதுக்குள்ள தோல் இறங்கிப் போகும். அப்படியும் அடிச்சாங்க. முழுப் பாட்டுக்கும் அடிக்க விடலை. ‘ஒவ்வொரு அடியையும் தனித்தனியா அடிங்க, போதும்’னான். இருபது நிமிசம். ஆளுக்கு ஐநூறு ரூபாய். டீ மட்டும் பேப்பர் கப்புல வந்துச்சு, அவன் குடிச்சது கண்ணாடி கிளாஸ். பேப்பர் கப்பு வந்தபிறகு ரெட்டைக் குவளைன்னு எவனும் நிரூபிக்க முடியாது பாருங்க.

அதுக்கு அப்புறம் ரெண்டு வருசம் அந்த ஸ்டூடியோவில் வந்த பாட்டு அத்தனையிலும் அந்த நாலு பேர் அடிதான். முளைப்பாரிப் பாட்டு, மஞ்சுவிரட்டுப் பாட்டு, கட்சிப் பாட்டு, காதுகுத்துக்குப் போடுற பாட்டு. ஒரு வாட்டி பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு எங்க செட்டைக் கூப்பிடலை, மைக்செட்டு போதும்னுட்டாங்க. சித்தப்பா கம்மாக்கரையில் உக்காந்து அந்த மைக்செட்டைக் கேட்டுக்கிட்டிருந்தார். ‘எலே, இது என் கைடா’ன்னார். ஆமா, அவர் கைதான். அவரை வெளியே நிறுத்திட்டு அவர் கையை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கிட்டாங்க.

1931இல் மேளம் வைக்காதேன்னு தடை. இப்ப மேளம் இருக்கு, மேளக்காரன் வேண்டாம். முன்னேற்றம்தான்.

சித்தப்பாவுக்கு நடந்தது ஒரு அறையோட அயோக்கியத்தனம், நல்ல அறைக்குப் போனால் சரியாப் போகும் என்று நினைக்கிறவர்களுக்காக இந்தச் சாஃப்ட்வேருக்குள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விரிவாச் சொல்லணும்.

திறந்த உடனே கோடு கோடாக் கட்டம் போட்ட தாள் மாதிரி ஒண்ணு வரும். அதுக்குக் கிரிட்னு பேரு. பெரும்பாலான சாஃப்ட்வேரில் அது ஏற்கெனவே நிமிசத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு தாளம் என்று தீர்மானம் பண்ணி வைத்திருக்கும். நீ வாசிக்கிறதுக்கு முன்னாடியே உனக்குக் காலம் போட்டாச்சு. நம்ம செட்டு எப்படி வாசிக்கும்? மெதுவா ஆரம்பிக்கும், ஆட்டம் சூடேற ஏற அடியும் ஏறும், ஆடுறவன் காலைப் பார்த்துக் கொட்டுறவன் கை போகும். நாலு பேர் அடியும் ஒரே புள்ளியில் விழாது. தலைமயிர் அளவு முன்னப்பின்ன விழும். அந்த முன்னப்பின்னதான் நெஞ்சுல இடிக்கிற இடி. இன்ஜினியர் என்ன பண்றான்? எல்லா அடியையும் பிடிச்சுக் கோட்டுல நிறுத்துறான். குவாண்டைஸ்னு ஒரு பட்டன். நாலு பேர் வாசித்தது ஒரு மிஷின் வாசித்த மாதிரி ஆகிவிடும். கேட்டால் ‘டைட்டா இருக்கு’ என்பான். பண்ணையில் வரிசையா நிக்க வச்சு வேலை வாங்கினவனுக்கு வரிசையா நின்னாத்தான் டைட்டு.

அடுத்தது நாய்ஸ் கேட். ஒரு அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தையெல்லாம் இரைச்சல் என்று வைத்துக் கதவைச் சாத்திவிடும். பறையில் ரெண்டு குச்சி. அடிக்குச்சி கட்டை, கனமா விழும். சிண்டுக்குச்சி நீளம், மெலிசு, அது தோலை வருடிக்கிட்டே கலகலன்னு ஒரு பேச்சு பேசும். ரெண்டும் சேர்ந்தாத்தான் சொல். கேட்டைத் தப்பா வைத்தால் சிண்டுக்குச்சி பேசுவது மொத்தமும் காணாமல் போகும். மிச்சம் ‘தொம் தொம்’. அந்தத் தொம் தொம்மைக் கேட்டுவிட்டுத்தான் பறையில் நுணுக்கம் கிடையாது, வெறும் சத்தம் என்று ரசிகமணிகள் தீர்ப்பு எழுதுகிறார்கள். அறுத்துப் போட்டுட்டு ஊமைங்கிறான்.

பாட்டுக்கும் இதே கதிதான். 1997இல் ஆட்டோடியூன் என்று ஒன்று வந்தது. சுருதி விலகினால் பக்கத்தில் உள்ள சுரத்துக்கு இழுத்து உட்கார வைக்கும். கணக்குப் பிசகாத பியானோக் கட்டைக்கு அது சரி. ஒப்பாரி வைக்கிற பொம்பளை குரல் ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் நடுவில்தான் அழும். அந்த நடுவை எடுத்துவிட்டால் அழுகை போய்விடும், மெட்டு மட்டும் கிடக்கும். கொல்லங்குடி கருப்பாயி நம்ம சிவகங்கைச் சீமைக் குரல். வானொலியில் பாடி, 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்து, 2025இல் மறைந்தார். அந்தக் கிழவி குரலை இன்றைக்கு ஒரு பையனிடம் கொடுத்தால் ‘பிட்ச் கரெக்ட்’ பண்ணித்தான் அனுப்புவான். எதை எதுக்குக் கரெக்ட் பண்றான்?

அப்புறம் சாம்பிள் பேக் என்று விற்கிறான். ஆயிரக்கணக்கான ரெடிமேட் சத்தம். தபலா தபலா பேரில் இருக்கும், மிருதங்கம் மிருதங்கம் பேரில் இருக்கும். நம்மது எங்கே இருக்கும்னு தேடினா ‘டிரைபல்’, ‘எத்னிக்’, ‘வில்லேஜ்’ என்ற சாக்குக்குள்ள கிடக்கும். அடிச்சவன் பேர் கிடையாது, ஊர் கிடையாது. மிருதங்கத்துக்கு மட்டும் என்ன வாழுதுன்னு கேட்டா அதுவும் அரைப் பாதிதான். வாசிக்கிறவர் பேருக்கு முன்னால் காரைக்குடி வரும், கேசட் அட்டையில் பேர் வரும். அந்தத் தோலைப் பதம் பண்ணி வார் பிடிச்சுக் கொடுத்த தலித் குடும்பங்கள் பேர் எந்த அட்டையில் வந்தது? டி.எம்.கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதவேண்டியிருந்தது. வெளியீட்டு விழாவுக்குத் தந்த மண்டபத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. பேர் சொல்வதற்கே இவ்வளவு பயம்.

இதையெல்லாம் மிஷின் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. கிரிட்டை அணைக்க ஒரு பட்டன் இருக்கு. கொட்டைக் கட்டத்துக்கு வளைக்காமல், கொட்டின அடிக்கு ஏற்றமாதிரி கட்டத்தை வளைக்கிற வேலை ரீப்பரிலும் உண்டு, கியூபேஸிலும் உண்டு. டெம்போ மேப் என்பார்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பாட்டுக்கு முடியும். அதைச் செய்ய எவனும் மெனக்கெடுவதில்லை. நம்ம சத்தத்துக்கு நாலு மணி நேரம் செலவு பண்ணலாம் என்று அவனுக்குத் தோன்றாது. அதனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்கிறான் என்பதுதான் என் சண்டை.

கண்டதேவியில் என்ன நடந்தது? தேர்வடத்தை நாமளும் தொடணும்னு கேட்டோம். 1998இலிருந்து தகராறு, கோர்ட்டு, போலீசு, தேரை ஓடவே விடாமல் வருசக்கணக்கா நிறுத்திப் போட்டார்கள். கோர்ட்டு விடாமல் பிடித்து 2024 ஜூன் 21ஆம் தேதி போலீஸ் காவலில் தேர் ஓடியது. தேர் மரம் நாம வெட்டினதா இருக்கலாம், ரோடு நாம போட்டதா இருக்கலாம், அதுல அவனுக்குச் சங்கடம் இல்ல. வடத்துல கை வைக்கிறதுலதான் சங்கடம். மவுஸும் அப்படித்தான்யா. பாடு, அடி, ஆடு, எல்லாம் பண்ணு. மவுஸைத் தொடாதே.

‘எஞ்சாயி எஞ்சாமி’ கதையை இங்கே எடுத்துத்தான் ஆகணும். 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை வைத்து அறிவு எழுதின பாட்டு. உலகமே ஆடியது. அதே வருசம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா.ரஞ்சித் உள்ளிட்டவர்கள் கேட்ட பிறகு அறிவுக்கும் ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா மேடையில் அந்தப் பாட்டு நடந்தபோது அறிவு அங்கே இல்லை. பாட்டை உருவாக்கியது நான் என்று அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் பக்கத்தைச் சொன்னார், உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சமம் என்றார். பிறகு 2024 மார்ச்சில் அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளியிட்ட கம்பெனி மேல் அவரே குறை சொன்னார். அந்த அறைக்குள் யார் எந்த மெட்டைப் போட்டார் என்று தீர்ப்புச் சொல்ல நான் அங்கே இருக்கவில்லை, அது என் வேலையும் இல்லை. நான் பார்க்கிறது ஒண்ணுதான். இவ்வளவு புகழ் உள்ள, பின்னால் ஒரு இயக்கமே நிற்கிற கலைஞனுக்கே அட்டையில் இடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கு. காரைக்குடி மாடியறையில் இருபது நிமிசம் அடிச்சுட்டு ஐநூறு ரூபாயோட இறங்கின சித்தப்பாவுக்கு?

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா வயிறு எரியும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் யார் தெரியுமா? தயாரிப்பாளர். பதிவு செய்ய முன்கை எடுத்து, பொறுப்பு ஏத்துக்கிட்டவன். பாடினவன் இல்ல, அடிச்சவன் இல்ல. நம்ம அப்பத்தா பாடின நடவுப் பாட்டுக்கு மரபுப் பாட்டுன்னு பேர், அதுக்கு ஆசிரியரே கிடையாது. அதை முதல்ல பதிவு பண்ணின ஆளுக்கு அந்தப் பதிவு மேல அறுபது வருசம் உரிமை. ஆனா இதே சட்டத்தில் நமக்கும் ஒரு பிடி இருக்கு, அதை எவனும் நம்மகிட்டச் சொல்ல மாட்டான். வாசிக்கிறவனுக்குக் ‘கலைஞர் உரிமை’ ஐம்பது வருசம் இருக்கு. 2012இல் திருத்தினபோது, பதிவை வியாபாரமாகப் பயன்படுத்தினால் அதில் பங்கு பெறும் உரிமையும், வாசித்தவன் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் சேர்ந்தது. பேர் போடுறது அவன் பெருந்தன்மை கிடையாது. சட்டப்படி கேட்கலாம்.

இனி நம்ம வீட்டுக்குள்ள ரெண்டு சண்டை இருக்கு.

ஒண்ணு, நாட்டுப்புறவியல் அய்யாக்களோடு. கம்ப்யூட்டரில் ஏற்றினால் பறையின் தூய்மை கெட்டுவிடும் என்கிறார்கள். தூய்மை! நம்மளைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்ல எப்படித்தான் வாய் வருதோ. வேப்பமர வளையமும் புளியங்கொட்டைப் பசையும் மாட்டுத்தோலும் மட்டும் நமக்கு, சிப்பும் சாஃப்ட்வேரும் அவர்கள் பேரனுக்கு. மதுரை அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு இருந்தார், பரட்டை அண்ணன் என்போம், 2005இல் போய்ச் சேர்ந்துட்டார். கர்நாடகக் கீர்த்தனையிலும் வெள்ளைக்காரன் ஞானப்பாட்டிலும் இறுகிக் கிடந்த சர்ச்சுக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுபோனவர். ஜனங்க மாத்திப் பாடட்டும், அதுதான் அந்தப் பாட்டோட உசுருன்னு நின்னார். இளையான்குடிப் பக்கத்து முனைவென்றிப் பறைக்குழு தங்களைக் கலைஞர்கள் என்று அழைக்கச் சொல்லிக் கேட்டது ஆவணப்படமாகவே வந்திருக்கு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கிதாரையும் டிரம்மையும் பறைக்குப் பக்கத்தில் நிறுத்தியது. எந்தத் தூய்மை கெட்டது?

இன்னொண்ணு, கொட்டே வேண்டாம்கிற நம்ம தோழர்களோடு. கேதத்துக்கு அடிக்க மாட்டேன்னு கொட்டை உடைச்சுக் கிணத்துல போட்டவங்க நம்ம ஊர்கள்ல இருக்காங்க. அதுக்காக அடிபட்டாங்க, ஊரை விட்டுப் போனாங்க. அவங்க காலைத் தொட்டுத்தான் நான் இதை எழுதறேன். ஆனா தோழர், நீங்க கீழே போட்ட கொட்டை அவன் சாம்பிளா எடுத்து ஹார்ட்டிஸ்க்ல வச்சுக்கிட்டான். நீங்க வராட்டியும் உங்க அடி அவன் பொணத்துக்கு முன்னால போகுது. 2019இல் ஸ்ப்ளீட்டர்னு ஒரு புரோகிராம் வந்தது, அதுக்கப்புறம் இன்னும் பல வந்தாச்சு. எந்தப் பழைய பாட்டைக் கொடுத்தாலும் குரல் தனியா, கொட்டு தனியாப் பிரிச்சுக் கொடுக்கும். அடிக்க மாட்டேன்கிறது மட்டும் இனிப் போதாது. எங்க அடி எங்கே போகுதுன்னு கேட்கிற ஆளும் வேணும்.

இதைவிடக் கேவலம் ஒண்ணு நடக்குது. ஆண்ட பரம்பரைப் பாட்டு. குருபூசை, நினைவுநாள், கட்சி ஊர்வலம்னா வண்டி வண்டியா ஸ்பீக்கர் கட்டி அரிவாளையும் மீசையையும் பாடுற பாட்டுக. அதுல அடியில ஓடுறது எது? நம்ம கொட்டுதான். நம்மளை வெட்டுவேன்கிற பாட்டுக்கு நம்ம தோலு தாளம் போடுது. இந்த மாவட்டத்தில் கச்சநத்தம் நடந்தது 2018 மே 28. கோயில் மரியாதைத் தகராறைத் தொட்டு நம்ம ஆள் மூணு பேரைக் கொன்னாங்க. 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை ஆச்சு. இப்படிப்பட்ட மண்ணில் அந்தப் பாட்டை வெறும் பாட்டுன்னு எவனாவது சொன்னா அவன் காதில் பஞ்சு இருக்கணும். இதுக்குப் பதிலடின்னு நம்ம பசங்களும் அதே எஃப்எல் ஸ்டூடியோவில் அதே லூப்பைப் போட்டு ‘நாங்களும் ஆண்டோம்’னு ஆரம்பிச்சிருக்காங்க. தம்பிகளா, ஆண்டதைப் பாடுறதுக்கு நமக்கு ஒரு வேலையும் இல்லை. யாரை ஆண்டீங்க? யார் தலையில உக்காந்தீங்க? அந்தப் பாட்டுல நமக்குக் கீழே இன்னொருத்தனைத் தேடுற புத்தி இருக்கு. அந்த லூப்பை அழிங்க.

சின்னதா ஒரு சந்தோசத்தையும் சொல்லிர்றேன். கான்வல்யூஷன் ரிவெர்ப் என்று ஒரு கருவி இந்தச் சாஃப்ட்வேர்களில் உண்டு. ஒரு மண்டபத்தில் போய் ஒரு தடவை பலமாகக் கைதட்டி, அந்தத் தட்டல் சுவரில் மோதி அடங்குகிற வரைக்கும் பதிவு செய்துகொண்டு வந்தால் போதும். பிறகு எந்தச் சத்தத்தைப் போட்டாலும் அந்த மண்டபத்துக்குள் ஒலிக்கிற மாதிரியே கேட்கும். இங்கே பர்மாத் தேக்கும், ஆத்தங்குடிக் கல்லும், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டி வைத்த வீடுகள் இருக்கே, எங்க அய்யா அதுல ஒண்ணுலயும் முகப்பைத் தாண்டிப் போனதில்லை. இப்ப சில வீடுகளுக்கு டிக்கெட்டு. டிக்கெட்டு வாங்கினவன் சாதியைக் கேக்க முடியாதே. போனேன். நடுவளவில் நின்னு ஓங்கி ஒரு தட்டு, போன்ல பதிவு. காவல்காரர் ‘என்ன தம்பி’ன்னார், ‘கொசு அண்ணே’ன்னேன். அன்னைக்கு ராத்திரி எங்க அப்பத்தா ஒப்பாரியை அந்த வளவுக்குள்ள ஓட விட்டேன். அந்தக் கிழவிக்கு இருந்த குரலுக்கு அந்த வீடு சரியாத்தான் இருந்துச்சு.

என் அறைன்னு சொல்றது காலனி வீட்டுப் பின்னறை. சுவருக்கு முட்டை அட்டை ஒட்டாதீங்க, அதனால பெரிசா ஒண்ணும் ஆகாது. பழைய பஞ்சுமெத்தையும் கோணிச்சாக்கும் போதும். பறைக்கு மைக்கைப் பக்கத்தில் வைக்காமல் மூணு நாலடி தள்ளி வையுங்க. அடி உச்சி பூச்சியத்தைத் தொட்டா டிஜிட்டலில் கிழிஞ்சிரும், மைனஸ் பன்னிரண்டுக்குள்ள நிக்கிற மாதிரி வச்சுக்குங்க. நாலு பேரும் ஒரே நேரத்தில் வாசிக்கட்டும், தனித்தனியா அடின்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துருங்க. வெளியில் எங்கே போய் வாசிச்சாலும் முன்னாடியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்க: எந்தப் பாட்டுக்கு, எத்தனை ரூபாய், பேர் போடணும், வேற பாட்டுக்கு எடுத்தா மறுபடி காசு, சாதிப் பெருமைப் பாட்டுக்கு எடுக்கவே கூடாது. கையெழுத்துப் போட மாட்டேன்னா தீயை அணைச்சுட்டு வீட்டுக்கு வாங்க. நம்ம பதிவுக்கு நாமளே தயாரிப்பாளர்னு எழுதி, ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி நம்பர் வாங்கணும். மிக்ஸ் பண்ணின பாட்டை மட்டும் வாங்கிட்டு வராம, டிராக் டிராக்கா முழுப் புராஜெக்டையும் பென்டிரைவ்ல வாங்குங்க. ரெண்டு காப்பி, ரெண்டு வீட்டில்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காலையில் பத்து மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைக வருதுக. அதுல மூணு பொம்பளைப் பிள்ளைக, அதுகதான் சீக்கிரம் பிடிக்குது. சித்தப்பா சட்டத்தடியில் உக்காந்து, தன் அடி திரையில் அலை அலையா ஓடுறதைப் பார்த்துக்கிட்டு, ‘இந்த இடத்துல சிண்டு கேக்கலை, தூக்கு’ங்கிறார். பன்னிரண்டு வயசுப் பிள்ளை தூக்குது. இன்னும் ஆள் வரலாம். வர்றவங்க தோல் காய்ச்ச வைக்கோல் மட்டும் கொண்டு வரணும், இங்க இருந்தது தீந்து போச்சு.